அஞ்சா, ஆறா?

பூப்பந்தாட்டத்தில் கோட்டைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காற்பந்தில் நடுவர் விசிலோடு ஓடுகிறார். அவர் கண்ணுக்குத் தப்பியதைப் பிடிக்க வீடியோ அறை வேறு. கோல்ஃபில் பந்தை அடித்தவர்தான் நடுவர். பந்து அசைந்ததா, தண்ணீரில் விழுந்ததா, எத்தனை அடி ஆயிற்று, எல்லாவற்றையும் அவரே சொல்ல வேண்டும். பெரிய போட்டிகளில் அதிகாரிகள் வண்டியில் சுற்றி வருவார்கள். ஆனால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பதினெட்டுக் குழிகளில் பரவி ஆடும்போது புதருக்குள் தனியாக நிற்பவரை யார் பார்ப்பது?

செய்திகளில் குழிப்பந்து என்று வாசிக்கிறோம், பேச்சில் எல்லாருக்கும் கோல்ஃப்தான். கோலாலம்பூரில் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-இல் தொடங்கியது. நம் தாத்தாக்கள் காலத்தில் அது துரைமார் ஆட்டம், வேலிக்கு அப்பால் தெரியும் புல்வெளி. இன்று அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிள்ளைகளுக்குக்கூட, "அடுத்த மாசம் கம்பெனி கோல்ஃப், நீயும் வா" என்று அழைப்பு வருகிறது. ரேஞ்சுக்குப் போய் ஐம்பது நூறு பந்து அடித்துப் பழகுகிறார்கள். கையுறை, சப்பாத்து எல்லாம் வாங்கிவிடுகிறார்கள். விதிகளை மட்டும் யாரும் படிப்பதில்லை.

நிறுவனங்களின் அறநிதி கோல்ஃப் விருந்துகளுக்கு நிகழ்ச்சி நெறியாளராக நான் அவ்வப்போது போவதுண்டு. பரிசுகளை அறிவிப்பதற்கு முன் மேசைகளில் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அவருக்கு எப்படி எண்பத்தெட்டு? நான் கூடவேதானே நடந்தேன்!"

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு சித்தி மகன் போன் செய்தான். காப்புறுதி நிறுவனத்தில் வேலை. அன்று கம்பெனி போட்டியில் அவனும் அவனுடைய மேலாளரும் ஒரே குழுவில் ஆடியிருக்கிறார்கள். போட்டியில் ஆளுக்கொரு ஸ்கோர் கார்டு உண்டு, ஆனால் நம் கார்டை நாமே வைத்துக்கொள்ள மாட்டோம், மாற்றிக்கொள்வோம். மேலாளர் கார்டு இவன் கையில். இப்படி எழுதுபவருக்கு மார்க்கர் என்று பெயர். ஒரு குழியில் மேலாளரின் முதல் பந்து குளத்தில் விழுந்தது. பக்கத்தில் வேறு பந்தைப் போட்டு ஆடினார். குழியில் தள்ளிவிட்டுத் திரும்பி, "அஞ்சு" என்றார். இவன் எண்ணியது ஆறு. அஞ்சு என்றே எழுதினான்.

"அக்கா, நான் எண்ணினது தப்பா, அவர் சொன்னது தப்பா? அது தெரிஞ்சாத்தானே வாயத் திறக்க முடியும்?"

அவன் எண்ணியதுதான் சரி. கரையிலிருந்து குளத்துக்குள் போன அடி ஒன்று. பந்தை வெளியே போட்டு ஆடுவதற்கு அபராதம் ஒன்று. அப்புறம் ஓர் அடி, பச்சைத் தரையில் ஏற்ற இன்னோர் அடி, உருட்டித் தள்ள இரண்டு. ஆக மொத்தம் ஆறு. மேலாளர் கையால் அடித்தது ஐந்து முறைதான். ஆறாவது, கண்ணுக்குத் தெரியாத அடி. கோல்ஃப் தகராறுகளில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடிகளைப் பற்றியதுதான்.

அபராதம் மூன்று தரம். ஓர் அடி, இரண்டு அடி, போட்டியிலிருந்தே வெளியேற்றம். ஓர் அடியை நான் தண்டனையாகவே பார்ப்பதில்லை. அது விலை. பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டாய், வேரடியில் சிக்கவைத்துவிட்டாய். கிடந்த இடத்திலிருந்து ஆட முடியாது. ஓர் அடி கொடுத்து வெளியே வந்துவிடு. இது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய வழக்கம். 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் எழுதிவைத்த முதல் விதிகள் பதின்மூன்றுதான். பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பந்தைப் போடு, எதிராளிக்கு ஓர் அடி கொடு என்பது அன்றே அதில் இருக்கிறது.

புதிதாக ஆடுகிறவர்கள் கம்புகளின் நிறத்தை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கம்புக்கு அப்பால் எல்லைக்கு வெளியே. நம் திடல்களில் அதற்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீடு அல்லது நெடுஞ்சாலை. அங்கே பந்து போனால், அல்லது மூன்று நிமிடம் தேடியும் பந்து கிடைக்காவிட்டால், அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். போன அடி ஒன்று, அபராதம் ஒன்று, இப்போது அடிப்பது மூன்றாவது. இந்தக் கணக்கில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள், "ரெண்டாவதுதானே?" என்பார்கள். கிளப் ஆட்டங்களில் திரும்பி நடக்கும் நேரத்தை மிச்சப்படுத்த, இரண்டு அடி அபராதத்தோடு முன்னாலேயே பந்தைப் போட்டுக்கொள்ளும் உள்ளூர் விதியைச் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் குளம், ஓடை, பெரிய வடிகால் போன்ற இடங்களுக்கு. இரண்டிலும் ஓர் அடி அபராதம். சிவப்பில் கூடுதல் சலுகை என்னவென்றால், பந்து உள்ளே புகுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே போகாமல் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பந்து போடுவதற்கும் வண்டிப் பாதையில் பந்து நின்றால் எடுத்துப் போடுவதற்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் ஒருவர் குனிந்து, முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுகிறார். ஆனால் வண்டிப் பாதைக்கு அபராதம் இல்லை. சிவப்புக் கம்புக்கு உண்டு. மேலாளர் குழம்பியது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

பந்து காணாமல் போகலாம் என்று தோன்றினால் முன்கூட்டியே இன்னொரு பந்தை அடித்து வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு முன், "இது புரவிஷனல்" என்று கூட ஆடுபவர்கள் காதில் விழச் சொல்ல வேண்டும். "இன்னொன்று அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படிச் சொல்லி அடித்தால் அந்தப் பந்துதான் ஆட்டப் பந்து. முதல் பந்து புல்வெளி நடுவில் அழகாகக் கிடந்தாலும் அதைத் தொட முடியாது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை கொடுக்கும் ஆட்டம் என்பதால், வாயால் பிழைக்கும் எனக்கு இந்த விதி மேல் தனிப் பிரியம்.

விதிப்புத்தகம் பிரம்பு மட்டும் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. மழை பெய்து தேங்கிய தண்ணீரில் பந்து நின்றால் இலவசமாக எடுத்து வைக்கலாம். சேற்றில் தன் வேகத்தால் புதைந்தாலும் அப்படியே, மணல்குழிக்குள் கிடையாது. குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால்? நம் ஊரில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. பந்து இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடுங்கள், அபராதம் இல்லை. ஆனால் குரங்குதான் எடுத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். மரத்தில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்பதால் தொலைந்த பந்துக்கெல்லாம் அதன் மேல் பழி போட முடியாது. இன்னொன்று, பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கு: மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால், சைரன் ஊதும்வரை காத்திருக்காமல் ஆட்டக்காரரே ஆட்டத்தை நிறுத்தலாம். அதற்கு எந்த அபராதமும் இல்லை. நம் மாலை நேரத்து வானத்தை நம்பி மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இரண்டு அடி அபராதம் வேறு சாதி. அது செய்யக் கூடாததைச் செய்ததற்கு. மணல்குழியில் அடிக்குமுன் பந்துக்குப் பின்னால் மட்டையை மணலில் ஊன்றுவது, அடுத்தவர் பந்தைத் தன் பந்தென்று அடிப்பது, தவறான இடத்திலிருந்து ஆடுவது எல்லாம் இதில் சேரும். எதிராளியிடம், "எந்த மட்டையால அடிச்சீங்க?" என்று கேட்பதுகூட. தூரம் எவ்வளவு என்று கேட்கலாம். மட்டையைக் கேட்கக் கூடாது. பேச்சுவாக்கில் வந்துவிடும் கேள்வி என்பதால் போட்டியில் வாயைக் கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும்.

பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருந்தாலும் இரண்டு அடி. 2001 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாள், ராயல் லிதம் திடல். இயன் ஊஸ்னம் முன்னணியைப் பகிர்ந்துகொண்டு தொடங்கினார். முதல் குழியில் அவர் அடித்த பந்து நேரே குழிக்குள் போகவேண்டியது, பக்கத்தில் நின்றது. சுலபமாகத் தள்ளிவிட்டு இரண்டாம் குழிக்கு நடந்தார். அங்கே அவருடைய கேடி (நம் காதுக்கு இது வேறு மாதிரி ஒலிக்கும்; மட்டைப் பையைச் சுமந்து வருபவர்) தயங்கித் தயங்கிச் சொன்னார்: பையில் பதினைந்து இருக்கின்றன. பயிற்சியில் சோதித்துப் பார்த்த இன்னொரு டிரைவர் வெளியே எடுக்கப்படாமல் கிடந்தது. முதல் குழி சின்னக் குழி, அதற்கு டிரைவர் தேவைப்படவில்லை. அதனால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த மட்டையால் அவர் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. இரண்டு அடி போனது போனதுதான். மூன்றாம் இடத்தைப் பகிர்ந்து முடித்தார்.

யாரும் பார்க்காத இடத்தில் நடப்பவைதான் என்னை இந்த ஆட்டத்தின் பக்கம் இழுத்தன. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது புல்லுக்குள் பந்து இம்மியளவு அசைந்தது. அதிகாரிகள் யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடியை ஏற்றுக்கொண்டார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் பட்டம் அவருக்கு. சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை என்று ஒருவனைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக இன்றும் பேசுகிறார்கள். 2008-இல் ஜே.பி. ஹேஸ், அடுத்த வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் தகுதிக்கான தேர்வில் ஆடிக்கொண்டிருந்தார். இரவு விடுதி அறையில் பையைப் பார்த்தபோது, தான் ஆடிய பந்துகளில் ஒன்று இன்னும் அங்கீகாரம் பெறாத சோதனைப் பந்து என்று தெரிந்தது. அவரே அதிகாரிக்கு போன் செய்தார். வெளியேற்றப்பட்டார். அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

பிரையன் டேவிஸ் கதை எனக்கு இன்னும் வருத்தம் தரும். 2010, அமெரிக்காவின் ஹார்பர் டவுன் திடல், ஜிம் ஃபியூரிக்கோடு மறு ஆட்டம். டேவிஸ் அமெரிக்கச் சுற்றில் அதுவரை ஒரு போட்டியும் வென்றதில்லை. நீர்ப்பகுதிக்குள் நின்று மட்டையைப் பின்னால் ஓங்கும்போது, உதிர்ந்து கிடந்த நாணல் ஒன்றில் உரசியதுபோல் அவருக்குத் தோன்றியது. கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிட்டார். வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது தெரிந்தது. இரண்டு அடி, போட்டி போயிற்று. 2019-இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது முப்பத்துநான்கு விதிகள் இருபத்துநான்காகச் சுருங்கின. உதிர்ந்த நாணலில் அப்படி உரசுவதற்கு இப்போது அபராதமே கிடையாது.

திருத்தங்களில் பல நல்லவை. பச்சைத் தரையில் தற்செயலாகப் பந்தை அசைத்தால் இப்போது அபராதம் இல்லை. திரும்ப வைத்தால் போதும். ஒரே வீச்சில் பந்து இரண்டு முறை மட்டையில் பட்டாலும் ஓர் அடிதான். ஆனால் காற்றைக் குத்தினால்? அடிக்கும் எண்ணத்தோடு வீசியிருந்தால், பந்தைத் தொடாவிட்டாலும் ஓர் அடி. "சும்மா பயிற்சிக்கு வீசினேன்" என்று சொல்லத் தோன்றும். எண்ணம் என்னவென்று வீசியவருக்குத்தான் தெரியும்.

வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்ப்பவர்கள் நடுவராகும் காலமும் ஒன்று இருந்தது. 2017-இல் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியின் கடைசி நாள், லெக்ஸி தாம்ஸன் முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்தார். முந்தைய நாள், அடையாளம் வைத்து எடுத்த பந்தை அவர் சற்றே தள்ளி வைத்ததைக் கவனித்த பார்வையாளர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, அதைச் சேர்க்காத கார்டில் கையெழுத்திட்டதற்கு இரண்டு என்று நான்கு அடி, ஆட்டத்தின் நடுவிலேயே அவரிடம் சொல்லப்பட்டது. அழுதுகொண்டே ஆடி, சமன் செய்து, மறு ஆட்டத்தில் ரியூ சோ-யனிடம் தோற்றார். நேயர் அழைப்பில் வாழும் தொழில் என்னுடையது; இருந்தாலும் இது எனக்கு உவப்பில்லை. கேமரா முன்னணியில் இருப்பவரைத்தான் தொடர்கிறது. நாற்பதாம் இடத்தில் இருப்பவர் பந்தை எங்கே வைத்தார் என்று எந்த வீட்டிலும் யாரும் பார்ப்பதில்லை. 2018 தொடக்கத்திலிருந்து பெரிய போட்டிகளில் பார்வையாளர்களின் புகார்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். தெரியாமல் விட்ட அபராதத்துக்காகக் கார்டின் மேல் கூடுதல் தண்டனை போடுவதும் நின்றது.

கார்டுக்கு வருவோம். 1968 மாஸ்டர்ஸில் ரொபெர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்றில் முடித்தார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவருடைய கார்டை எழுதிய டாமி ஏரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கூடுதல் எண்தான் நிற்கும். பாப் கோல்பியோடு மறு ஆட்டத்துக்குப் போகவேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருக்கு நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் இன்னும் மோசம், வெளியேற்றம். 2024 பிப்ரவரியில் ஜெனிசிஸ் போட்டியில் ஜோர்டன் ஸ்பீத், நான்கு அடித்த குழிக்கு மூன்று என்றிருந்த கார்டில் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போனார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. தம்பியின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அபராதம் இருப்பதே தெரியாமல் ஒருவர் அதை விட்டுவிட்டால் வெளியேற்றம் இல்லை. அந்த அபராதம் மட்டும் சேர்க்கப்படும். தெரிந்தே விட்டால் வெளியேற்றம். மார்க்கருக்கும் இப்படித்தான். தவறென்று தெரிந்தே ஓர் எண்ணுக்கு அவர் கையெழுத்திட்டால், அவரையே போட்டியிலிருந்து வெளியேற்ற விதி சொல்கிறது. "இந்தக் குழிய விட்ருவோம்" என்று இருவரும் பேசிவைத்து, தெரிந்த ஒரு விதியை ஒதுக்கினால் இருவரும் வெளியே. பார்ப்பவருக்குத் தெரியாதவரும் ஏமாற்றுபவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அந்த மேலாளர் எந்த வகை என்று எனக்கோ தம்பிக்கோ சொல்ல வழியில்லை.

நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடும்போது முதல் அடி சரியில்லை என்றால் மறுபடி அடிப்பது, குழிக்குப் பக்கத்தில் நின்ற பந்தை "எடுத்துக்க" என்று விட்டுக்கொடுப்பது எல்லாம் நடக்கும். நடக்கட்டும். ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பது விதிப்படியே சரி. அடிகளை எண்ணும் போட்டியில் மட்டும் பந்து குழிக்குள் விழுந்தாக வேண்டும். அதைவிட, அப்படி ஆடிய எண்களை ஹேண்டிகேப் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020-இலிருந்து உலகம் முழுவதற்கும் பொதுவான ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. திறமை குறைந்தவருக்கு எத்தனை அடி சலுகை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அடிகளைக் குறைத்து எழுதுபவருக்குச் சலுகையும் குறையும். அடுத்த போட்டியில் தன் உண்மையான ஆட்டத்தோடு அவர் மாட்டிக்கொள்வார். வேண்டுமென்றே கூட்டி எழுதிச் சலுகை சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விருந்து மேசைகளில் அதிகம் திட்டு வாங்குவது இவர்கள்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பதினெட்டு முடிந்து, எல்லாரும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, "பாஸ், ஏழாம் குழி..." என்று ஆரம்பிக்காதே, அது குற்றச்சாட்டு மாதிரிதான் கேட்கும். ஒவ்வொரு குழி முடிந்ததும், அடுத்த இடத்துக்கு நடக்கும்போதே எண்ணைக் கேள். நீ எண்ணியது வேறாக இருந்தால் முடிவைச் சொல்லாதே, அடிகளை வரிசையாகச் சொல்லிப் பார். அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் போட்டிக் குழுவிடம் கேட்டுக்கொள்ளலாம். தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை. ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிச் செயலி இலவசம், அதையும் போனில் இறக்கி வைத்துக்கொள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே குழு, அதே திடல், அதே குளம். இந்த முறையும் மேலாளர் பந்து தண்ணீரில். "அஞ்சு" என்றார். தம்பி கார்டையும் பென்சிலையும் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு தடவ எண்ணிப் பாத்துருவோமா பாஸ்? தண்ணிக்கு ஒண்ணு, சிவப்புக் கம்புல போட்டதுக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்திருக்கிறான்.

"அதுக்கு ஒண்ணா? போட்டதுக்குமா?"

தம்பி செயலியைத் திறந்து காட்டினான். மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். பின்னால் வந்த குழு மட்டைகளை ஊன்றிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தது. "அப்போ ஆறுதான்" என்றார். எழுதினான். அடுத்த குழிக்கு நடக்கும்போது, போன முறை என்ன எழுதினாய் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.